அடிக்காப்பி

காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் துடைக்க வேண்டும். ஒலோமா ஆற்றங்கரைச் செம்மண் தூசி கதவு ஜன்னல் எதையும் மதிக்காது. விடிவதற்குள் பெட்டியின் கண்ணாடி மேல் வந்து உட்கார்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, மின்கலத்தைப் பார்த்து, கை பதிக்கும் இரண்டு குழிகளும் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் கரியடுப்பைப் பற்ற வைப்பேன். அடுப்பு என் வேலை ஒப்பந்தத்தில் கிடையாது. ஆனால் அடுப்பு இல்லாவிட்டால் காப்பி இல்லை, காப்பி இல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒரு காரியமும் நடக்காது என்பதை வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

ஒன்பதரைக்குப் பாலத்தின் தெற்கு முனையிலிருந்து ஹவ்வா தெமரி நடந்து வருவாள். கையில் கழுத்து நீண்ட மண்குடுவை. வடக்கு முனையிலிருந்து பக்காரி லேமு வருவார், காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு. பாலத்தின் நடுவே இருந்த என் தகரக் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். காப்பி முடிந்ததும் ஆளுக்கொரு குழியில் கை வைப்பார்கள். பெட்டி ஒரு சத்தம் போடும். இரு கரைகளிலும் உயரக் கம்பங்களில் பச்சை விளக்கு எரியும். உடனே இரண்டு பக்க வானொலிகளும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்: "இன்றைக்கும் உண்டு."

உண்டு என்றால் போர்நிறுத்தம். அது ஒரே ஒரு நாளைக்குத்தான். நாளை நண்பகல் பன்னிரண்டுக்குள் மறுபடி இரண்டு கைகளும் பதிய வேண்டும்.

தெரேனா நாட்டில் அதற்குமுன் பதினான்கு முறை போர்நிறுத்தம் கையெழுத்தாகி, பதினான்கும் முறிந்திருந்தன. ஐந்தாண்டு, ஓராண்டு, தொண்ணூறு நாள் என்று எழுதிப் பார்த்தார்கள், எதுவும் நிற்கவில்லை. அகதிகளைத் தாங்க முடியாமல் தவித்த ஏழு அண்டை நாடுகள் சேர்ந்து ஏழ்நாட்டு மன்றம் அமைத்தன. மன்றத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கேட்டானாம், "ஒரு நாளைக்கு மட்டும் சுடாம இருக்க முடியுமா?" என்று. ஒரு நாளைக்கு முடியும் என்றார்கள் இரு தரப்பாரும். சரி, அந்த ஒரு நாளையே தினமும் செய்யுங்கள் என்று விட்டார்கள். அதுதான் ஒருநாள் ஓய்வு.

இரு தரப்பின் நாற்பத்தோராயிரம் துப்பாக்கிகளிலும் நெல்மணி அளவுக்கு ஒரு பூட்டைப் பொருத்தினார்கள். நெல்மணிப் பூட்டு என்று நான் பெயர் வைத்தேன். சம்மதப் பெட்டியிலிருந்து அலை வந்தால் பூட்டு மூடியே இருக்கும். நண்பகலுக்குள் வராவிட்டால் எல்லாம் திறந்துகொள்ளும். எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. எதிரி ஏமாற்றினால் நம் துப்பாக்கி சுடும் என்ற உறுதி இல்லாமல் எவன் பூட்ட விடுவான்?

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஏழு நாட்டில் எந்த நாட்டு ஆளை வைத்தாலும் மற்ற ஆறும் சண்டைக்கு வந்தன. ஆகவே சம்பந்தமே இல்லாத ஊர்க்காரி ஒருத்தியைத் தேடினார்கள். பூட்டு செய்த நிறுவனத்தில் பழுதுபார்ப்பவளாக இருந்த நான் அகப்பட்டேன். கோவில்பட்டி செண்பகவல்லி. இரண்டு வருடம் என்று சொல்லி அனுப்பினார்கள். இருந்தது பன்னிரண்டு.

அவர்கள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவர்களுக்கும் புரிய, காதில் மாட்ட ஒரு மொழிச்செவி கொடுத்தார்கள். அது பேசிய செய்தித்தாள் தமிழைக் கேட்டு ஒரு வாரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. "அம்மையீர், தங்கள் அடுப்பு புகைகின்றது" என்று எவன் பேசுவான்? அப்போதுதான் அப்பா இறந்திருந்தார். கடைசி வருடங்களில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் என்னிடம் இருந்தன. எல்லாவற்றையும் மொழிச்செவிக்குள் போட்டுப் பழக்கினேன். அன்றிலிருந்து தெரேனாக்காரர்கள் அத்தனை பேரும் என் காதில் கோவில்பட்டிக்காரர்களாகிவிட்டார்கள். குரல் அவரவருடையது, பேச்சு அப்பாவுடையது. பக்காரி என்னை "தாயி" என்று முதல்முறை கூப்பிட்டபோது நான் பெட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். இஞ்சியும் ஏதோ ஒரு மரப்பட்டையும் போட்ட கடுங்காப்பி. ஒரு குடுவையில் முதல் குவளை வாங்கிக் குடித்தவன், அந்தக் குடுவை காலியாகும்வரை ஊற்றிக் கொடுத்தவரோடும் கூடக் குடித்தவரோடும் சண்டை போடக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. கடைசியில் வண்டலோடு வருவது அடிக்காப்பி. அதைக் குடித்த பிறகுதான் வழக்கோ வியாபாரமோ. இரு கரைக்கும் இது பொது. போர் மும்முரமாக நடந்த காலத்தில்கூட இதை யாரும் மீறியதில்லையாம்.

முதல் நாள் எனக்கும் ஒரு குவளை தந்தார்கள். நான் எங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தேன். வாசலில் நின்ற இரண்டு பக்கக் காவலர்களும் விறைத்தார்கள். குவளையில் வாய் வைக்காமல் குடித்தால், விஷம் வைத்திருக்கிறாய் என்று சொல்வதாக அங்கே அர்த்தம். ஹவ்வா என் கையிலிருந்து குவளையைப் பிடுங்கி, மிச்சத்தில் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"ஒண்ணும் கலக்கல. வாய வச்சுக் குடி."

குடித்தேன். எச்சில் பண்ணிக் குடிக்கிறாளே என்று அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

ஹவ்வா போரில் ராணுவ லாரி ஓட்டியவள். வலது கையில் மூன்று விரல்தான். ஐந்து விரல் கேட்ட பெட்டியை அவளுக்காக மூன்றுக்குச் சம்மதிக்கவைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவள் கணவன் வடகரைக் குண்டில் செத்தவன். பக்காரி அந்த வடகரைப் பீரங்கிப் படையில் குண்டு நிரப்பியவர். அவருடைய இரண்டு தம்பிகளும் தென்கரைக்காரர்கள் கையில் போனார்கள். எதிர்ப்பக்கத்தால் வீட்டில் உயிரிழந்தவர்தான் கைவைக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. சொந்தமாக வலி இல்லாதவன் சீக்கிரம் சலித்துப்போவான் என்று நினைத்தார்கள்போல.

முதல் இரண்டு வருடம் இருவரும் ஒருவரோடொருவர் பேசவேயில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "அந்தாளக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு." "அந்தம்மாவ இஞ்சியக் கொறைக்கச் சொல்லு." நான் என்ன தபால்காரியா என்று கத்தியிருக்கிறேன். வடகரை மண்ணில் தன் கால் படாது என்று ஹவ்வா சத்தியமே செய்திருந்தாள். பாலத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்குப் பக்கமே அவள் நாற்காலி இருக்கும், ஒரு அங்குலம் தாண்டாது.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் பக்காரி சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி, "மதினி, சீனி போதுமா?" என்றார். மொழிச்செவி கோளாறு என்று நினைத்தேன். பிறகு அகராதியில் பார்த்தேன். இறந்துபோன அண்ணனின் மனைவியைக் கூப்பிட அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஹவ்வாவின் கணவனைத் தன் அண்ணன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஹவ்வா வெகுநேரம் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்," என்றாள். அப்புறம், "போதும், கொழுந்தனாரே."

அன்று பச்சை விளக்கு பதினொன்று ஐம்பத்தைந்துக்குத்தான் எரிந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

இனி நான் ஒளித்ததைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வருடம் பூட்டுகள் சாகத் தொடங்கின. பெட்டி அலை அனுப்பினால் ஒவ்வொரு நெல்மணியும் பதில் அனுப்பும். எத்தனை பதில் என்பது திரையில் வரும். நாற்பத்தோராயிரம் முப்பதாயிரமாயிற்று, ஒன்பதாயிரமாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை பூஜ்யம். செத்த பூட்டு திறந்தேதான் கிடக்கும். உள்ளிருந்த மின்கலம் அவ்வளவுதான் தாங்கும்போலிருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதினேன், அது அதற்குள் இழுத்து மூடப்பட்டிருந்தது. மன்றத்துக்கு எழுதினால் ஏழு நாட்டுக்கும் தெரியும், ஏழு நாட்டுக்குத் தெரிந்தால் இரண்டு கரைக்கும் தெரியும். அந்த எண் தெரியும் திரையில் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனார்கள். எல்லாத் துப்பாக்கியும் சுடும் என்று அந்த நாட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்ற நினைப்போடு நான்கு வருடம் தூங்கி எழுந்தேன்.

ஒன்பதாம் வருடம், மழைக்காலம். ஒன்பதரைக்கு ஹவ்வா வந்தாள். பக்காரி வரவில்லை. பத்தாயிற்று. முந்தின நாளே அவர் நடுங்கிக்கொண்டுதான் வந்திருந்தார். வடக்கு முனைக்குப் பேசினேன்.

"ராத்திரியில இருந்து காய்ச்சல். ஆளு நெனவே இல்ல," என்றான் காவலன்.

மன்றத்தின் அலுவலகத்துக்குப் பேசினேன். பொறுப்பு அதிகாரி நல்ல மனிதர்தான். "மாத்து ஆளு வைக்க ஏழு நாடும் ஒப்புக்கணும்மா. மூணு நாளாகும்."

"பன்னெண்டு மணிக்கு வெளக்கு எரியலன்னா மூணு நாள்ல இங்க ஆரு மிச்சம் இருப்பா?"

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "பெட்டிய நகத்தலாம்னு விதியில இல்ல. நகத்தக் கூடாதுன்னும் இல்ல. நான் ஒண்ணுமே சொல்லல, சரியா?" வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். ஹவ்வா அடுப்பிலிருந்து குடுவையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியக் கழத்து, தாயி."

"அக்கா, அவரு வீடு வடகரையில."

"எனக்குத் தெரியாதாக்கும்? கழத்து வெரசா."

நான்கு திருகாணிகளும் துருப்பிடித்திருந்தன. மூன்றைக் கழற்றி நான்காவதை உடைத்தேன். பெட்டி பதினெட்டு கிலோ. இடுப்பில் குடத்தை வைப்பதுபோல வைத்துக்கொண்டு நடந்தேன். முன்னால் ஹவ்வா, ஒரு கையில் ஆவி பறக்கும் குடுவை, மடியில் குவளைகள். நடுக்கோடு வந்தது. அவள் ஒரு நொடி நின்றாள். மணி பதினொன்று பத்து. அப்புறம் தாண்டினாள்.

வடக்கு முனையில் ஓரேன் என்ற நரைமீசைக் காவலன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அந்தத் துப்பாக்கி சுடும் என்று எனக்குத் தெரியும்.

"நில்லு. பெட்டி கோட்டத் தாண்டக் கூடாது."

ஹவ்வா குவளையை எடுத்தாள், நிறைய ஊற்றினாள், நீட்டினாள். மழை, குளிர், இஞ்சி வாசம். பழக்கதோஷத்தில் அவன் வாங்கி ஒரு வாய் குடித்தும்விட்டான். குடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குடுவை காலியாகும்வரை இனி அவன் இவளோடு மல்லுக்கு நிற்க முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

"அடிப்பாவி, ஏமாத்திட்டியே!"

"ஏமாந்துட்டேல்லா, கூட நட."

நடந்தான். அவன் நடப்பதைப் பார்த்து மற்றக் காவலர்கள் வழிவிட்டார்கள். சந்தைத் தெருவில் ஜனங்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். மழையில் இரண்டு கிலோமீட்டர். "பெட்டிய இங்க குடு, நீ விழுந்து தொலைக்காத," என்று ஓரேனே பாதி வழியில் அதை வாங்கிக்கொண்டான்.

பக்காரியின் மனைவி வாசலில் நின்றாள். அவளும் ஹவ்வாவும் அதுவரை பார்த்துக்கொண்டதில்லை. ஹவ்வா அவளுக்கும் ஒரு குவளை ஊற்றினாள். அவள் குடித்துவிட்டு வழியை விட்டாள். உள்ளே கட்டிலில் பக்காரி அனலாகக் கிடந்தார். மணி பதினொன்று நாற்பத்தைந்து.

நான் அவசரமாக அவர் கையைப் பிடித்தேன். ஹவ்வா என் கையைத் தட்டிவிட்டாள். "குடுவை இன்னும் காலியாகல." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடுவையைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் மிச்சத்தை எங்களுக்கெல்லாம் ஊற்றித் தீர்த்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அடிக்காப்பியைக் குவளையில் வடித்துக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள்.

"கொழுந்தனாரே. அடிக்காப்பி. குடிச்சாத்தான் வேல."

கண் திறந்தது. "மதினி? நீ... இங்க எப்படி?"

"நடந்துதான். காலு இருக்குல்லா."

பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அவருடைய கையும் அவளுடைய மூன்று விரல்களும் பதிந்தன. ஜன்னல் வழியே தூரத்தில் பச்சை தெரிந்தது. ஓரேன் மூலையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

அடுத்த ஒன்பது நாளும் பெட்டி அவர் வீட்டுக்கே போயிற்று. ஓரேன் ஒரு தள்ளுவண்டி கொண்டுவந்துவிட்டான். பத்தாம் நாள் மெலிந்துபோய் பக்காரி கொட்டகைக்கு வந்தார். அன்று என்னால் அடக்க முடியவில்லை. கறுப்புக் காகிதத்தைக் கிழித்து, பூஜ்யத்தைக் காட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்காரி சிரிக்க ஆரம்பித்தார்.

"நாலு வருசம் முன்னாடியே என் மருமகன் கழுதப்புலியச் சுட்டுட்டான், தாயி. டமார்னு ஒரே சத்தம். யாருட்டயும் மூச்சு விடாதலேன்னு அடக்கி வச்சேன்."

"எங்க பக்கம் மொதலைய," என்றாள் ஹவ்வா.

"பின்ன எதுக்கு ரெண்டு பேரும் தெனமும் வந்தீங்க?"

ஹவ்வா குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பூட்டு செத்தது இவருக்குத் தெரிஞ்சா வரமாட்டாரோன்னு பயந்தேன். ஒரு நாளும் தவறாம வந்தாரு. சரி, இவருக்குத் தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றார் அவர்.

அப்படி மூன்று வருடம் மூவரும் தெரிந்தே அந்தப் பெட்டியைத் துடைத்தோம், கை வைத்தோம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் வருடம் நிரந்தர அமைதி கையெழுத்தாயிற்று. துப்பாக்கிகளை வாங்கி உருக்கியபோது பூட்டுகள் செத்து ஏழு வருடமாகிவிட்டது என்று ஓர் அறிக்கை வந்தது. ஏழு நாடுகளும் அதை ஒருமனதாக மறைத்தன. அவை ஒருமனதாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கடைசி நாள், கொட்டகையைப் பிரிக்க ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். இனி யாரும் கை வைக்க வேண்டாம். ஹவ்வா ஊற்றினாள், குடித்தோம். அடிக்காப்பி வரும் நேரத்தில் குடுவையின் வாயைத் துணியால் கட்டிவிட்டாள்.

"இது இருக்கட்டும். இன்னொரு நாளைக்கு மூணு பேரும் குடிப்போம்."

"அப்ப சண்ட போட முடியாதே, மதினி," என்றார் பக்காரி.

"போடாதீரும்."

நான் ஊருக்கு வந்துவிட்டேன். எட்டயபுரம் சாலையில் மின்கலம் பழுதுபார்க்கும் கடை. பெட்டியை ஏதோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாம், "போரை நிறுத்திய கருவி" என்று எழுதி. முதல் வருடம் மாதாமாதம் பேசினோம். அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல். அவர்கள் இருவரும் தினமும் பார்த்துக்கொள்வார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலம்தான் திறந்துவிட்டதே.

ஆறு வருடம் கழித்து, போன மாதம், ஒரு நண்பகலில் ஹவ்வா அழைத்தாள். அங்கே அப்போது ஒன்பதரை. அலமாரியிலிருந்து மொழிச்செவியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினேன். திரையில் பாலத்தின் நடுப்பகுதி தெரிந்தது. பின்னால் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முடி முழுதும் வெளுத்துவிட்டது அவளுக்கு.

"பக்காரி போயிட்டாரு, தாயி. எட்டு நாளாச்சு. எனக்கு நேத்துதான் தெரியும்."

"எட்டு நாளா? ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல இருந்துக்கிட்டா?"

"பேரப்பிள்ளைக, வெள்ளாம, முட்டுவலி. இந்த வாரம் போவோம், அடுத்த வாரம் போவோம்னு போயிட்டு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சமாதானம் வந்துட்டுல்லா. பாக்கலன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஆயிப்போச்சு. அன்னைக்கெல்லாம் ஒரு நா பாக்கலன்னா நாடே எரியும்."

நானும்தானே ஆறு வருடம் சும்மா இருந்தேன். "தாயி" என்று அப்பாவின் பேச்சில் என்னைக் கூப்பிட்ட மனிதர் போய்விட்டார். ஒரே அப்பாவை நான் இரண்டு தடவை இழந்திருக்கிறேன்.

ஹவ்வா குனிந்து அந்தக் குடுவையை எடுத்தாள். துணிக்கட்டு அப்படியே இருந்தது. உள்ளே வண்டல் காய்ந்து கல்லாகியிருந்தது. அதில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினாள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு குவளை வைத்து ஊற்றினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

"ஒன் பங்குக்கு நீயே அங்க ஊத்திக்கிடணும். காப்பி இருக்கா?"

மேசையில் பாதி டம்ளர் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எடுத்தேன். ஊருக்கு வந்த பிறகு எனக்குப் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. கை தானாக டம்ளரை வாய்க்கு மேலே தூக்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். காத்திருந்தாள்.

டம்ளரை இறக்கி, விளிம்பில் உதட்டை வைத்து, அடிவரைக்கும் குடித்தேன்.